தீரர் சத்தியமூர்த்தியும் சென்னையின் தண்ணீரும்

காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் வாழ்கின்ற நமக்குத் தண்ணீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. குண்டாறு ஆண்டில் பெரும்பாலான நாள்கள் வெறும் மணலாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை கண்மாயில் நின்றால்தான் அவ்வாண்டு வயலுக்கும் மாட்டுக்கும் நீர் உண்டு. ஊருணிப் படியில் கால் கழுவும் பிள்ளைகளைப் பெரியவர்கள் கண்டித்த காலத்தை நாம் அறிவோம். இத்தகைய மண்ணில் இருந்துகொண்டு ஒரு மாநகராட்சித் தலைவரின் வரலாற்றை எழுதப் புகும்போது, அவர் தம் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாரா என்பதையே நாம் முதலில் நோக்குகின்றோம். மேடை, மாலை, ஊர்வலம் ஆகியவை பிறகு.

இவ்விதழைப் படிக்கும் அன்பர்களுள் பலர் வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணிப் பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். அவர்தம் மக்களும் பேரர்களும் இன்று கல்வியின் பொருட்டும் வேலையின் பொருட்டும் சென்னையில் குடியிருக்கின்றனர். அச்சென்னையின் குடிநீர் வரலாற்றில் ஒருவர் மேயராக இருந்த ஓராண்டுக்குத் தனி இடம் உண்டு. அவரே தீரர் சத்தியமூர்த்தி. காங்கிரஸ் கட்சியின் மாநிலத் தலைமையகமாகிய சத்தியமூர்த்தி பவனால் அவர் பெயரை யாவரும் அறிவர். காமராசரின் அரசியல் ஆசான் என்பதையும் பலர் அறிவர். மேயராக அவர் ஆற்றிய பணியை அறிந்தவர் சிலரே.

சுந்தர சத்தியமூர்த்தி 1887ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள் அன்றைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் பிறந்தார். திருமயமும் நம் பகுதியைப் போல வானம் பார்த்த பூமிதான். கண்மாயும் குளமும் இல்லையேல் அங்கும் வாழ்வு இல்லை. இளமையிலேயே தந்தையை இழந்தமையால் குடும்பப் பொறுப்பு அவர் தோள்மேல் வந்து சேர்ந்தது. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் பயின்று, பின்னர்ச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுச் சட்டமும் படித்தார். வழக்கறிஞர் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். ஆனால் அவர் நாட்டம் முழுவதும் பொதுவாழ்வின்மேல் இருந்தது. செல்வர் என்று சொல்லத்தக்க நிலையை அவர் எக்காலத்தும் எய்தவில்லை.

ஆங்கிலத்திலும் தமிழிலும் வடமொழியிலும் ஒருங்கே வல்லவர். நாடகத்திலும் ஈடுபாடு உடையவர். பம்மல் சம்பந்த முதலியார் நிறுவிய சுகுண விலாச சபையின் மேடையில் மனோகரனாக வேடமிட்டு நடித்தார். கூத்தாடிகள் என்று படித்தவர்கள் நாடகக் கலைஞரை இழித்துப் பேசிய காலம் அது. அக்காலத்திலேயே நாடகக் கலைஞரும் இசைக் கலைஞரும் நாட்டுப்பணிக்கு வரவேண்டும் என்று அவர் அழைத்தார். கே. பி. சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் பாடியதற்கு அவர் தந்த ஊக்கமே பெருங்காரணம். தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை தோன்றியபோது அதன் முதல் தலைவராகவும் விளங்கினார். திரைப்படத்தை நல்ல குடும்பத்தார் ஒதுக்கிவைத்திருந்த நாளில் இதைச் செய்வதற்குத் துணிவு வேண்டும்.

1919இல் மாண்டேகு செம்சுபோர்டு சீர்திருத்தம் பற்றி இந்தியரின் கருத்தை எடுத்துரைக்க இங்கிலாந்து சென்ற காங்கிரஸ் தூதுக்குழுவில் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 32. திரும்பி வந்த பின்னர், சட்டமன்றங்களைப் புறக்கணிக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தை அவரால் ஏற்க இயலவில்லை. மன்றத்துக்கு உள்ளே சென்று வாதிட்டே அந்நிய ஆட்சியைத் திணறச் செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும் கண்ட சுயராச்சியக் கட்சியில் சேர்ந்து 1923இல் சென்னைச் சட்டமன்றத்துள் புகுந்தார். காங்கிரசார் மன்றங்களை விட்டு வெளியேறிய 1930 வரை அம்மன்றம் அவர் குரலால் அதிர்ந்தது.

அவ்வேழாண்டுகளில் அவர் செய்தவற்றுள் தமிழாசிரியர்கள் மறக்கலாகாத ஒன்று உண்டு. 1928இல் பர்மா அரசு பாரதியாரின் பாடல் நூல்களுக்குத் தடை விதித்தது. அதைப் பின்பற்றிச் சென்னை அரசும் அந்நூல்களைப் பறிமுதல் செய்தது. பாரதியார் மறைந்து ஏழு ஆண்டுகளே கழிந்திருந்த நேரம். அவர் குடும்பம் அந்நூல்களின் விற்பனையையே நம்பி வாழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சத்தியமூர்த்தி சட்டமன்றத்தில் இப்பொருளை எழுப்பி, பறிமுதலைக் கண்டித்து வாதிட்டார். மன்றம் அவர் பக்கம் நின்றது. இன்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பாரதியின் பாட்டை அச்சமின்றிப் பாடும்போது, அதற்காக ஒரு மன்றத்தில் வாதாட வேண்டியிருந்தது என்பதை எத்தனை ஆசிரியர்கள் எடுத்துச் சொல்கின்றனர்?

அதே மன்றத்தில், அதே ஆண்டுகளில், அவர் வேறொரு பொருளில் எதிர்ப்பக்கம் நின்றார். அதனை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிப்பதற்கு 1927 முதல் சட்டமன்றத்தில் போராடினார். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்துக்கு முடிவு காண வேண்டும் என்பதே அவ்வம்மையாரின் ஒரே நோக்கம். சத்தியமூர்த்தி அதனை எதிர்த்தார். கோயில் மரபிலும் சமய வழக்கத்திலும் சட்டம் தலையிடலாகாது என்பது அவர் நிலை. அடிமைத்தளையை உடைப்பதற்காகவே வாழ்ந்த ஒருவர், தம் வீட்டுப் பெண்களைப் போன்ற பெண்களின் தளையைக் காணாமற்போனது நமக்குப் பெரும் வருத்தம் தருகிறது. அவருடைய கல்வியும் நாவன்மையும் இவ்விடத்தில் அவருக்கு உதவவில்லை. பெண்கள் பள்ளிகளில் ஆயுளைக் கழித்த நாம் இதில் அம்மையாரின் பக்கமே நிற்கின்றோம். முழுமையான தடைச் சட்டம் 1947இல்தான் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அதற்குள் எத்தனை சிறுமியரின் வாழ்வு அழிந்ததோ!

1930களின் தொடக்கத்தில் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1934இல் மத்திய சட்டமன்றத் தேர்தலில் சென்னை நகரத் தொகுதியில் நீதிக்கட்சியின் பெருந்தலைவரான ஆ. இராமசாமி முதலியாரை வென்று தில்லி சென்றார். அங்குக் காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவராக இருந்து அவர் தொடுத்த வினாக்கள் புகழ்பெற்றவை. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் வினாக் கேட்கும் கலையை ஒரு தனிப் பாடமாகவே நமக்குக் கற்பித்தனர். விடையை வாங்கும் வினா ஒன்று, விடை தெரியாமையை வெளிப்படுத்தும் வினா மற்றொன்று. சத்தியமூர்த்தி இரண்டாவதில் தேர்ந்தவர். அரசின் உறுப்பினர் விடையளித்து அமர்ந்தவுடன் அவ்விடையிலிருந்தே அடுத்த வினாவைத் தொடுப்பார். ஆட்சியாளர்கள் அவரது வினா நேரத்தை அஞ்சினர்.

இனி நம் மாவட்டத்தோடு அவருக்கிருந்த தொடர்பைச் சொல்ல வேண்டும். அந்நாளில் விருதுநகரும் அருப்புக்கோட்டையும் காரியாபட்டியும் இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியவை. விருதுநகர் இளைஞராகிய காமராசர் அவரைத் தம் தலைவராகக் கொண்டார். 1936இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானபோது காமராசரைச் செயலாளராக அமர்த்திக்கொண்டார். ஒருவர் பன்மொழி வல்ல பட்டதாரி; மற்றவர் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஒருவர் ஆசாரம் மிக்க அந்தணர். மற்றவர் கோயில் நுழைவே மறுக்கப்பட்டிருந்த சமூகத்தில் பிறந்தவர். முன்னர்க் கூறிய தேவதாசிச் சட்டத்தை எதிர்த்த மனிதர்தாம் இவ்விளைஞரின் கையைப் பற்றி மேலே ஏற்றினார் என்பதையும் நாம் சேர்த்தே எண்ண வேண்டும். 1940இல் காமராசர் தலைவரானபோது, சத்தியமூர்த்தி அவருக்குக் கீழே செயலாளராக இருந்து பணியாற்றினார். தம்மிடம் பயின்றவரின் கீழ்ப் பணிபுரிய எத்தனை தலைமையாசிரியர்கள் இசைவர் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

1937இல் மாகாணத் தேர்தல் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதி சத்தியமூர்த்திக்கு உரியது என்றே பலரும் கருதியிருந்தனர். அதனை அவர் இராசாசிக்கு விட்டுக்கொடுத்தார். வெற்றிபெற்ற காங்கிரஸ் ஆட்சி அமைத்தது, இராசாசி பிரதமரானார். அமைச்சரவையில் சத்தியமூர்த்தியின் பெயர் இல்லை. பல ஆண்டுகள் மன்றங்களில் வாதிட்டவர், வென்ற நாளில் வெளியே நின்றார். இதில் யார்மீது குறை என்று ஆராய்வோர் இன்றும் உளர். அவர் கட்சியை விட்டு விலகவில்லை, தில்லி மன்றத்தில் தம் பணியையும் நிறுத்தவில்லை என்பதோடு நாம் அமைகின்றோம்.

1939இல் சென்னை மாநகராட்சி அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. 1688இல் தோன்றிய அம்மாநகராட்சி இந்நாட்டின் நகராட்சிகளுள் மிகப் பழமையானது. அதன் தலைவர் மேயர் என்னும் பெயரை மீண்டும் பெற்றது 1933இல்தான். மாலையும் அங்கியும் உள்ள பதவியே ஒழிய அதிகாரம் மிகுந்த பதவி அன்று. 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகப் பொறுப்பு அரசு அமர்த்தும் ஆணையரின் கையில் இருந்தது. மேயர் மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கலாம், உறுப்பினரை ஒருமுகப்படுத்தலாம், அரசோடு வாதாடலாம். பதவிக்காலமோ ஓராண்டு. அவ்வோராண்டில் வரவேற்புரைகளையும் விருந்துகளையும் முடித்துக்கொண்டு இறங்கியவர் பலர்.

அவர் பொறுப்பேற்ற நேரமும் நல்ல நேரம் அன்று. உலகப் போர் தொடங்கிவிட்டது. இந்தியரைக் கேளாமலே இந்தியாவைப் போரில் இழுத்ததைக் கண்டித்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் 1939 அக்டோபரில் விலகின. மாகாண ஆட்சி ஆளுநர் கைக்குச் சென்றது. எந்த அரசை எதிர்த்துத் தம் கட்சி வெளியேறியதோ அந்த அரசிடமே மாநகராட்சிக்கு வேண்டியதை அவர் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

சென்னைக்கு அப்போது வேண்டியது தண்ணீர். 1872 முதல் புழல் ஏரி நீர் நகரத்துக்கு வந்துகொண்டிருந்தது. கொசத்தலையாற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் ஓர் அணைக்கட்டு, அங்கிருந்து சோழவரம் ஏரிக்கும், சோழவரத்திலிருந்து புழலுக்கும் நீர் செல்லும், புழலிலிருந்து கீழ்ப்பாக்கம். 1914இல் கீழ்ப்பாக்கத்தில் நீரை வடிகட்டும் நிலையம் அமைந்தது. ஆயினும் ஏரிகள் இரண்டும் பழைய அளவினவே. நகரமோ வளர்ந்துகொண்டே சென்றது. 1901இல் ஏறத்தாழ ஐந்து லட்சமாக இருந்த மக்கள்தொகை 1931இல் ஆறரை லட்சத்தை எட்டியது. 1941இல் ஏழே முக்கால் லட்சம். மழை பொய்த்த ஆண்டில் ஏரி வற்றும், குழாயும் வற்றும். தெருக் குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்களின் துயரை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதில் ஒரு விந்தை. கொசத்தலையாற்றில் நீரே இல்லாமற்போனதன்று. வடகிழக்குப் பருவமழையில் சில நாள்கள் அது கரைபுரண்டு ஓடும். தாமரைப்பாக்கம் அணைக்கட்டு நீரைத் திருப்பிவிடுமே தவிரத் தேக்கி வைக்காது. கால்வாய் கொள்ளாத வெள்ளம் முழுவதும் எண்ணூர் அருகே கடலில் கலந்துவிடும். மழை முடிந்த சில திங்களில் நகரம் நீருக்குத் தவிக்கும். நம் ஊரில் மழைநாளில் குண்டாற்றில் வரும் வெள்ளத்தைக் கண்மாய்க்குத் திருப்பத் தவறினால் என்ன நேரும் என்பதை உழவர் எவரும் சொல்வர். அதே கதைதான் அங்கும். தாமரைப்பாக்கத்துக்கு மேலே, திருவள்ளூரை அடுத்த பூண்டியில் ஆற்றின் குறுக்கே பெரிய நீர்த்தேக்கம் ஒன்றைக் கட்டி வெள்ளத்தை நிறுத்தி வைத்தால், வேண்டும்போது சிறிது சிறிதாக ஆற்றிலேயே திறந்துவிட்டுத் தாமரைப்பாக்கம் வழியாக ஏரிகளை நிரப்பிக்கொள்ளலாம்.

திட்டம் எளிதாகத் தோன்றும். அதற்குப் பொருள் வேண்டும். அரசின் இசைவு வேண்டும். போர்க்காலத்தில் இரும்பும் சிமெண்டும் வேண்டும். இவற்றுள் எதனையும் வழங்கும் அதிகாரம் மேயரிடம் இல்லை. அவரிடம் இருந்தது வாதத் திறமை ஒன்றே. அதனை அவர் தம் நகரத்துக்காக முழுமையாகப் பயன்படுத்தினார். அவர் பதவிக்காலம் முடிவதற்கு முன்னரே, 1940 ஆகஸ்டு 8ஆம் நாள், பூண்டியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. அடுத்து வருபவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால், போரின் நெருக்கடியில் அத்திட்டம் என்னாகியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. 1942 ஏப்ரலில் சப்பானியர் வருவர் என்ற அச்சத்தில் சென்னையே காலியாயிற்று. தொடங்காத வேலையை அந்நிலையில் எவர் தொடங்கியிருப்பர்? தொடங்கிவிட்ட வேலையாதலால் அது நடந்தேறியது. அணையை எழுப்பிய பொறியாளரும் மண் சுமந்த தொழிலாளரும் பெருமைக்குரியவர்களே. ஆயினும் தக்க தருணத்தில் முதற்கல்லை வைக்கச் செய்தவர் அவர்.

இவ்விடத்தில் காமராசரின் நகராட்சி அனுபவம் ஒன்றையும் குறிப்பிடத் தோன்றுகிறது. 1941இல் அவர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்து, ஒரு கூட்டத்தில் கலந்துகொண்டு, பதவியை விட்டு விலகிவிட்டார். முழுமையாகப் பணியாற்ற இயலாத பதவியில் அமர்ந்திருப்பது முறையன்று என்பது அவர் எண்ணம். ஆசான் பதவியை ஏற்று ஓராண்டில் ஒரு நீர்த்தேக்கத்துக்கு வழிகோலினார். மாணாக்கர் பதவியில் நீடிக்காமல் விலகினார். இரண்டுமே நேர்மையான செயல்கள் என்றாலும், குடம் ஏந்திக் காத்திருப்போர் பக்கமிருந்து பார்க்கையில் ஆசானின் செயலே நமக்கு உயர்வாகப் படுகிறது.

பதவிக்குப் பின் மீண்டும் போராட்டமும் சிறையும். சிறையிலிருந்து தம் ஒரே மகள் இலட்சுமிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாக வெளிவந்தன. மகளின் படிப்பைப் பற்றியும் உலகை அறிந்துகொள்ள வேண்டிய முறையைப் பற்றியும் அக்கறையோடு எழுதப்பட்ட கடிதங்கள் அவை. மகளைக் கல்வியில் வளர்க்க இவ்வளவு முனைந்த தந்தைக்கு, ஏழைச் சிறுமியர்க்கான அந்தச் சட்டம் மட்டும் ஏன் கசந்தது என்ற வினா நமக்கு மறுபடியும் எழுகிறது.

1942 ஆகஸ்டில் பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது. அங்கிருந்து தலைவர்கள் இரயிலில் திரும்பினர். அரக்கோணத்தில் போலீசார் காத்திருந்ததை அறிந்த காமராசர், தீர்மானச் செய்தியை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் பொருட்டு அவர்கள் கண்ணில் படாமல் இறங்கிச் சென்றார். சத்தியமூர்த்தி கைதானார். ஏற்கெனவே நலிந்திருந்த உடல். அவரைத் தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டுசென்றனர். அப்பயணத்தில் முதுகுத்தண்டில் ஏற்பட்ட பாதிப்பு அவரைப் படுக்கையில் கிடத்திவிட்டது. சென்னைப் பொது மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பெற்றும் பயனின்றி, 1943 மார்ச்சு 28ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். வயது 55. நாடு விடுதலை பெறுவதற்கு இன்னும் நான்காண்டுகள் இருந்தன. பூண்டியில் வேலை முடிவதற்கு ஓராண்டுக்குச் சற்று மேல் இருந்தது.

1944 ஜூன் 14ஆம் நாள் ஆளுநர் ஆர்தர் ஹோப் பூண்டி நீர்த்தேக்கத்தைத் திறந்துவைத்தார். 65 லட்ச ரூபாய்ச் செலவில் கட்டப்பெற்ற அது, 257 கோடிக் கன அடி நீரைக் கொள்ளும் அளவினதாக இருந்தது. எந்த அரசு அவரைச் சிறையிட்டதோ அதன் ஆளுநரே திறந்தார். பின்னர் அந்நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயரிடப்பெற்றது.

1947 ஆகஸ்டில் விடுதலை கிட்டியபோது காமராசர் சத்தியமூர்த்தியின் இல்லம் சென்று அங்குத் தேசியக் கொடியை ஏற்றினார். 1954இல் முதலமைச்சரானபோதும் அவ்வில்லம் சென்று அவர் துணைவியாரை வணங்கிய பின்னரே பொறுப்பேற்கச் சென்றார் என்பர். மகள் இலட்சுமி கிருஷ்ணமூர்த்தி பிற்காலத்தில் தம் கணவரோடு வாசகர் வட்டம் என்னும் பதிப்பகத்தை நடத்தி, நல்ல தமிழ் நூல்களை நேர்த்தியான அச்சில் வெளியிட்டார். நம் தலைமுறை ஆசிரியர்கள் அந்நூல்களை வாங்கிப் படித்திருக்கின்றனர்.

பூண்டியின் கொள்ளளவு பின்னர் 323 கோடிக் கன அடியாக உயர்த்தப்பட்டது. கிருஷ்ணா நதி நீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் திட்டத்தில் ஆந்திரத்தின் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து வெட்டப்பட்ட கால்வாயும் பூண்டியில்தான் வந்து சேர்கிறது. 1996இல் முதன்முதலாக அந்நீர் அங்கு வந்தது. 2019 கோடையில் பூண்டி உட்படச் சென்னையின் ஏரிகள் யாவும் ஏறக்குறைய வறண்டன. சோலார்பேட்டையிலிருந்து இரயில் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவ்வாண்டின் பிற்பகுதியில் பூண்டியில் மீண்டும் நீர் சேர்ந்தது.